சரக்கு ரயிலில் சிறு வணிகனுக்கு இடம் உண்டா?



டெல்லிக்கு ரயிலில் போக வேண்டுமா? கையிலிருக்கும் செல்பேசியை எடுக்கிறீர்கள். எந்த நாளில் எந்த வண்டி, எத்தனை மணிக்குப் புறப்படும், எத்தனை இடம் காலி, கட்டணம் எவ்வளவு என எல்லாமே திரையில் வந்துவிடுகிறது. பணம் கட்டியவுடன் இடம் உங்களுடையது. வண்டி எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் அதே செல்பேசி சொல்லிவிடுகிறது. 2002 ஆகஸ்டில் இணையவழி முன்பதிவு தொடங்கிய காலம் முதல் இது நமக்குப் பழகிப்போன சங்கதி.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். டெல்லியிலிருந்து உங்கள் கடைக்கு 5 டன் சரக்கு வர வேண்டும். எந்தச் சரக்கு ரயிலில் இடம் இருக்கிறது? என்றைக்குப் புறப்படும்? என்றைக்கு வந்து சேரும்? கிலோவுக்கு என்ன கட்டணம்? இதற்கு அந்தச் செல்பேசியில் பதில் இல்லை. ஏனென்றால் சரக்கு ரயிலில் 5 டன் என்ற அளவில் இடமே விற்கப்படுவதில்லை!

60 கிலோ எடையுள்ள ஒரு மனிதனுக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த கணினிக்கு 5,000 கிலோ சரக்குக்கு இடம் ஒதுக்கத் தெரியாதா? தெரியும். அதற்கு அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. நாம் விவாதிக்க வேண்டியது இதைத்தான்.

சரிந்துபோன பங்கு

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று ஓடியது. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தோலும் துணியும் தானியமும் நடமாடும் ஆற்காட்டுப் பகுதிக்குத்தான் தெற்கின் முதல் தண்டவாளம் போடப்பட்டது என்பதை மறந்துவிட வேண்டாம். அதே பாதையின் நீட்சியில்தான் இன்று ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றன. பெரியமேட்டுத் தோல் மண்டிகளிலிருந்து சென்ட்ரல் நிலையம் கூப்பிடு தூரம். ஆனால் அந்த மண்டிகளின் சரக்கு இன்று பெரும்பாலும் லாரியில்தான் போகிறது, வருகிறது.

நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், நாட்டின் சரக்கில் 80 விழுக்காட்டுக்கும் மேல் ரயிலில் சென்றது. இன்று அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 2030-ஆம் ஆண்டுக்குள் இதை 45 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்று தேசிய ரயில் திட்டம் இலக்கு வைத்திருக்கிறது. இலக்கு நல்லதுதான். அடையும் வழி என்ன?

ரயில்வே ஏற்றும் மொத்த எடை குறையவில்லை. 2024-25 நிதியாண்டில் 160 கோடி டன்னுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். பெருமைக்குரிய எண்தான். ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள். ஏறத்தாழ பாதி நிலக்கரி! மீதியில் பெரும்பகுதி இரும்புத் தாது, சிமெண்ட், உணவு தானியம், உரம், உருக்கு, பெட்ரோலியப் பொருட்கள். அனல்மின் நிலையமும் சிமெண்ட் ஆலையும்தான் ரயிலின் வாடிக்கையாளர்கள். செருப்பு, துணி, மருந்து, பாத்திரம், இரும்புச் சாமான், மளிகை என்று சந்தைத் தெருவில் விற்கும் எதுவும் சரக்கு ரயிலில் பெரிய அளவில் இல்லை. நாட்டில் வளர்ந்துவரும் வணிகமோ இந்தச் சரக்குகளில்தான் இருக்கிறது. நிலக்கரியை மட்டும் நம்பிக்கொண்டிருந்தால், சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருகப் பெருக ரயில்வேயின் கல்லா என்னவாகும்?

லாரி ஏன் வென்றது?

ரயிலைத் தோற்கடித்து லாரி வென்றதற்குக் காரணம் மலிவான கட்டணம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. நெடுந்தூரத்துக்கு ஒரு டன் சரக்கை இழுக்க ரயிலுக்குத் தேவைப்படும் எரிபொருள் லாரியைவிட மிகக் குறைவு. லாரி வென்றதற்குக் காரணங்கள் வேறு. அது கடை வாசலுக்கே வரும். பத்து மூட்டை என்றாலும் ஏற்றிக்கொள்ளும். “வியாழக்கிழமை வந்துவிடும் பாய்” என்று புக்கிங் ஆபீஸ்காரர் ஒரு வார்த்தை சொல்வார், அந்த வார்த்தை பெரும்பாலும் பலிக்கும். வணிகன் பணம் கொடுப்பது அந்த வார்த்தைக்குத்தான்!

அண்மைக் காலத்தில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கணினித் தொழில்நுட்பத்தின் பயன் ரயிலைவிட முன்னதாகச் சாலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கிடையே செல்லும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டது. காசு எண்ணிக் கொடுத்து ரசீது வாங்கிய வரிசை சுருங்கியது. லாரி எந்தச் சாவடியைத் தாண்டியது என்பது உரிமையாளரின் செல்பேசிக்கே வந்துவிடுகிறது. திரும்பி வரும்போது காலியாக வராமல் லோடு பிடித்துத் தரவும் செயலிகள் வந்துவிட்டன. போதாததற்கு 2018 ஜூலையில் லாரிகள் ஏற்றக்கூடிய அச்சு எடையையும் மத்திய அரசு 20 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்தியது.

ஆக, போட்டியாளன் ஓடிக்கொண்டிருக்கிறான். ரயில்வே என்ன செய்துகொண்டிருந்தது?

கணினி உண்டு, யாருக்கு?

ரயில்வே தூங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. ரயில்வேயின் கணினி நிறுவனமான ‘கிரிஸ்’ 1986-லேயே உருவாக்கப்பட்டது. அதற்குத் தரப்பட்ட தலையாய பணிகளுள் ஒன்று சரக்குப் போக்குவரத்தைக் கணினிமயமாக்குவதுதான். அதன் விளைவாக வந்த ‘ஃபாய்ஸ்’ என்னும் சரக்குத் தகவல் அமைப்பில், நாட்டின் எந்த வேகன் எந்த நிலையத்தில் நிற்கிறது, எது காலி, எது சரக்கோடு என்ற விவரம் பதிவாகிறது. இஸ்ரோவின் துணையோடு என்ஜின்களில் பொருத்தப்படும் கருவி, வண்டி இருக்கும் இடத்தை 30 விநாடிக்கு ஒருமுறை தெரிவிக்கிறது. வேகன்களில் ரேடியோ அடையாளப் பட்டைகள் ஒட்டும் பணியும் நடந்து வருகிறது.

பழைய வணிகர்களுக்கு ‘ஆர்.ஆர்.’ எனப்படும் ரயில்வே ரசீதின் தொல்லை நினைவிருக்கும். சரக்கு வந்து நிற்கும். தபாலில் வர வேண்டிய ரசீது வந்திருக்காது. குறித்த நேரத்துக்குள் சரக்கை எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் என்றும், வேகனைக் காலி செய்யாவிட்டால் டெமரேஜ் என்றும் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். இன்று அந்த ரசீதை மின்னணு வழியில் அனுப்ப வகை செய்யப்பட்டுள்ளது. 2020 ஜூலையில் ஒவ்வொரு ரயில்வே கோட்டத்திலும் வணிக வளர்ச்சிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. 2021 ஜனவரியில் சரக்கு வாடிக்கையாளருக்கென்றே தனி இணையதளம் திறக்கப்பட்டது.

இவ்வளவும் இருந்தும் மண்ணடி இரும்புக் கடைக்காரருக்கும் ஈரோட்டு ஜவுளி வணிகருக்கும் இதனால் ஆன பயன் என்ன? இங்கேதான் முட்டுக்கட்டை இருக்கிறது. அதன் பெயர் ரேக்!

சரக்கு ரயிலில் வணிகம் நடப்பது ரேக் கணக்கில். ரேக் என்றால் ஒரு முழு வண்டி. வழக்கமான மூடிய வேகன் வண்டி ஒன்றில் 42 வேகன்கள். ஒரு வேகனில் ஏறத்தாழ 60 டன். மொத்தம் 2,500 டன். லாரிக் கணக்கில் சொன்னால் 140, 150 லாரிச் சரக்கு! ‘மினி ரேக்’ என்று சலுகை தருகிறார்கள். அதற்கே 20 வேகன் வேண்டும். 1,200 டன்! ஒரே நாளில், ஒரே ஊரிலிருந்து, ஒரே ஊருக்கு 1,200 டன் சரக்கு அனுப்பக்கூடிய கடை எந்த பஜாரில் இருக்கிறது?

கண்டெய்னர் ரயிலில் நிலைமை ஓரளவு பரவாயில்லை. ஒரு வண்டியில் 20 அடிப் பெட்டிகள் 90 ஏறும். அவற்றில் ஒரு பெட்டியைத் தனியாக அனுப்ப முடியும். ஆனால் பெட்டியை நிரப்ப உங்களிடம் 20 டன்னுக்கு மேல் சரக்கு வேண்டும், அதை வாசலிலிருந்து கண்டெய்னர் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கிருந்து மறுமுனை வாசலுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். மூன்று பேரிடம் மூன்று பில். எங்காவது தாமதமானால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

ஆக, ரயில்வேயின் கணினி ரேக் வாடிக்கையாளனுக்கு உழைக்கிறது. நிலக்கரி நிறுவனத்துக்கு மனு கொடுப்பது எளிதாகியிருக்கிறது, பணம் கட்டுவது எளிதாகியிருக்கிறது. அவன் முன்பும் ரயிலில்தான் அனுப்பினான், இப்போதும் ரயிலில்தான் அனுப்புகிறான். அவனுக்கு வேறு போக்கு ஏது? வேறு போக்கு உள்ளவனை ஈர்ப்பதற்குப் பெயர்தான் போட்டி. அந்த வாடிக்கையாளன் சிறு, நடுத்தர வணிகன்.

கணினி செய்ய வேண்டிய வேலை

தொழில்நுட்பத்தால் ரயில் லாரியோடு போட்டியிட முடியுமா? முடியும். ஆனால் அதற்குக் கணினி செய்ய வேண்டிய முதல் வேலை, சிறு சரக்குகளைச் சேர்த்து ஒரு வண்டியாக்குவது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. நம் ஊர் பார்சல் லாரி புக்கிங் ஆபீஸ்கள் தினந்தோறும் செய்யும் வேலைதான். காலையில் ஒருவர் பத்து மூட்டை போடுகிறார், இன்னொருவர் நான்கு பெட்டி போடுகிறார். மாலைக்குள் லாரி நிறைகிறது, இரவு புறப்படுகிறது. 15 டன் லாரியை நிரப்ப ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு தொலைபேசியும் போதும். 1,000 டன் வண்டியை நிரப்ப நோட்டுப் புத்தகம் போதாது. நூற்றுக்கணக்கான வணிகர்களின் தேவை, எடை, சேருமிடம், நாள் ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். மனிதனுக்கு மலைப்பான இந்த வேலை கணினிக்கு எளிது. பயணிகள் முன்பதிவில் அன்றாடம் இலட்சக்கணக்கானோருக்கு அது செய்வதும் இதைத்தானே!

எப்படி நடக்க வேண்டும்? சென்னையிலிருந்து டெல்லிக்கு வெள்ளிக்கிழமை இரவு ஒரு சரக்கு வண்டி புறப்படும் என்று அட்டவணையில் அறிவிக்கப்படுகிறது. நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் அது புறப்படும். மண்ணடியில் ஒருவருக்கு 2 டன், பெரியமேட்டில் ஒருவருக்கு 6 டன், திருப்பூரில் ஒருவருக்கு 3 டன். ஒவ்வொருவரும் தம் கடையிலிருந்தே செல்பேசியில் இடம் வாங்குகிறார்கள். முன்கூட்டி வாங்கியவருக்கு ஒரு விலை, கடைசி நேரத்தில் மிஞ்சும் இடத்துக்கு ஒரு விலை. கடையிலிருந்து நிலையம் வரைக்கும், மறுமுனையில் நிலையத்திலிருந்து கிடங்கு வரைக்கும் சிறு லாரிக்கான கட்டணமும் அதே பில்லில். ஒரே எண்ணைத் தட்டினால் சரக்கு எங்கே என்று தெரிகிறது. அந்த எண் இ-வே பில்லோடும் இணைந்திருக்கிறது.

இவற்றுக்குத் தேவையான கருவிகளில் எது நம் நாட்டில் இல்லை? வேகன் எங்கே என்பது ஃபாய்ஸுக்குத் தெரியும். சரக்கு யாருடையது என்பது இ-வே பில்லுக்குத் தெரியும். லாரி எங்கே என்பது ஃபாஸ்டேக்குக்குத் தெரியும். பல அமைச்சகங்களின் இந்தத் தகவல்களை ஒரே வாசலில் கொண்டுவர ‘யூலிப்’ என்ற அமைப்பும் 2022 செப்டம்பரில் தேசியச் சரக்குப் போக்குவரத்துக் கொள்கையோடு தொடங்கப்பட்டுவிட்டது. மாவும் இருக்கிறது, அடுப்பும் இருக்கிறது. தோசை சுட ஆளில்லை!

சிறு சரக்கு ரயிலுக்குக் கட்டுப்படியாகாது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். 2020 ஆகஸ்டில் தேவ்லாலியிலிருந்து தானாபூருக்கு முதல் கிசான் ரயில் விடப்பட்டபோது, குறைந்தபட்ச அளவு இல்லாமல் விவசாயியின் சரக்கை ஏற்றிக்கொண்டார்களே, அது எப்படி முடிந்தது? வழியில் பல நிலையங்களில் நின்று நின்று ஏற்றினார்கள், இறக்கினார்கள். ஆனால் அங்கே கட்டணத்தில் பாதியை அரசு மானியமாகக் கொடுத்தது. மானியம் இருக்கும்வரை ஓடும் வண்டி நமக்கு வேண்டாம். சிறு சரக்கைச் சேர்த்து, வண்டியை நிரப்பி, தன் காலில் நிற்கும் வண்டிதான் வேண்டும்.

வேகமா, உறுதியா?

சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். என்ஜினில் குறையில்லை. ஒரே தண்டவாளத்தில் பயணிகள் வண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டுச் சரக்கு வண்டி ஓரத்தில் காத்துக்கிடக்கிறது. 2020 ஊரடங்கில் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டபோது சரக்கு வண்டிகளின் சராசரி வேகம் 46 கிலோமீட்டரை நெருங்கியது. ஏறத்தாழ இரட்டிப்பு! இதற்காகத்தான் வடக்கிலும் மேற்கிலும் சரக்குக்கென்றே தனிப் பாதைகள் போடப்பட்டன. லூதியானாவிலிருந்து சோன்நகர் வரை கிழக்குப் பாதை, தாத்ரியிலிருந்து மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தை நோக்கி மேற்குப் பாதை. இரண்டும் தமிழ்நாட்டைத் தொடவில்லை. சென்னையும் தூத்துக்குடியும் எண்ணூரும் துறைமுகங்கள் அல்லவா? இங்கிருந்து ஏற்றுமதி நடக்கவில்லையா?

தனிப் பாதை வரும்போது வரட்டும். அதுவரை கணினியால் ஒரு நன்மை செய்ய முடியும். தண்டவாளத்தில் எந்த நேரத்தில் எந்த இடைவெளி காலியாக இருக்கிறது என்று கணித்துச் சரக்கு வண்டிக்கும் அட்டவணை கொடுக்கலாம். ஊரடங்குக் காலத்தில் அட்டவணையோடு பார்சல் ரயில்கள் ஓடினவே! வணிகனுக்கு வேகத்தைவிட உறுதி முக்கியம். ஐந்து நாளில் வரும் என்று சொல்லி ஐந்தாம் நாள் வந்தால் அவன் திட்டமிட்டுக்கொள்வான். மூன்று நாளிலும் வரலாம், பத்து நாளிலும் வரலாம் என்றால் அவன் என்ன செய்வான்? பெருநாள் வியாபாரத்துக்கு வாங்கிய துணி பெருநாள் முடிந்து வந்தால் யாருக்கு விற்பது? வழியில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவனுடைய முதல் முடங்கிக் கிடக்கிறது. கட்டணத்தில் மிச்சமாகும் காசு இந்த முடக்கத்திலேயே கரைந்துவிடுகிறது.

கருவி மட்டும் போதாது

தொழில்நுட்பம் என்றவுடன் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று மயங்கிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1967-இல் எல்லா வேகன்களிலும் வண்ணப் பட்டைகள் ஒட்டி, தண்டவாள ஓரக் கருவி அவற்றைப் படிக்கும் திட்டத்தை ரயில் நிறுவனங்கள் ஏற்றன. ‘கார்ட்ராக்’ என்று பெயர். நாடு முழுவதும் ஒட்டினார்கள். பட்டைகளில் அழுக்குப் படிந்தது, துடைக்க ஆளில்லை, கருவி தப்பும் தவறுமாகப் படித்தது. பத்தே ஆண்டில் திட்டத்தைக் கைவிட்டார்கள். 1990-களில் ரேடியோ பட்டைகள் வந்த பிறகுதான் அந்தக் கனவு நனவானது. இங்கேயும் அப்படித்தான். தகவலை நாள்தோறும் சரியாகப் பதிவு செய்யாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் அது அலங்காரப் பொருளே!

அடுத்து, கூட்ஸ் ஷெட். மழைக்குக் கூரை இல்லை, இரவில் விளக்கு இல்லை, லாரி வந்து திரும்பச் சாலை இல்லை என்ற நிலை பல ஊர்களில் உண்டு. செல்பேசியில் பதிவு செய்த சரக்கு நனைந்து வந்தால் மறுமுறை எவன் பதிவு செய்வான்? அடுத்து, கட்டணம். ரயில்வேயின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. பயணிகள் பிரிவில் ஏற்படும் நட்டத்தைச் சரக்கின் தலையில் சுமத்தி ஈடுகட்டுகிறார்கள். ஏழைப் பயணிக்குக் குறைந்த கட்டணம் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தச் சுமையை அரசு தன் கருவூலத்திலிருந்து ஏற்க வேண்டும். வணிகனின் சரக்கு ஏற்றால், அவன் லாரிக்குத்தான் போவான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுவோம். லாரித் தொழிலுக்கு எதிராக இதை எழுதவில்லை. ஓட்டுநர்களும் சிறு லாரி உரிமையாளர்களும் சுமை தூக்கும் தொழிலாளர்களும் நம் மக்கள்தான். ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் 200 கிலோமீட்டருக்குள். அவ்வளவு தூரத்துக்கு லாரியே சிறந்தது. சென்னையிலிருந்து டெல்லி 2,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கேதான் ரயிலின் பலம் இருக்கிறது. நெடுந்தூரத்தை ரயில் இழுக்கட்டும், முதல் மைலையும் கடைசி மைலையும் லாரி ஓட்டட்டும். நாள்கணக்கில் உறக்கமின்றி ஓட்டுவதைவிட, இரவில் வீடு திரும்பும் ஓட்டம் ஓட்டுநருக்கும் நல்லதல்லவா?

நம் கையில் இருப்பவை

அரசு செய்யட்டும் என்று கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே பயன்படுத்தக்கூடிய சில வாசல்கள் திறந்திருக்கின்றன. அவை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

இளைஞர்களே! பயணிகள் ரயில்களில் பார்சல் ஏற்றும் இடத்தை ரயில்வே குத்தகைக்கு விடுகிறது. காவலர் பெட்டியில் உள்ள ஒரு பார்சல் அறையில் 4 டன் ஏற்றலாம். தனிப் பார்சல் வேன் என்றால் 23 டன். முன்பு இதற்குக் கோட்ட அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பதிவு செய்து, டெண்டர் பெட்டியில் போட வேண்டும். விவரம் அறிந்த சிலரே மாறி மாறி எடுத்துவந்தார்கள். 2022 ஜூனில் இது மின்னணு ஏலமாக மாற்றப்பட்டது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் பதிவு செய்து ஏலம் கேட்கலாம். சிறு ஒப்பந்தங்களுக்குப் பெரிய விற்றுமுதல் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் தளர்த்தப்பட்டது. நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து 4 டன் இடத்தை எடுத்து, பஜாரில் சிறு சரக்குகளைச் சேர்த்து நிரப்பினால் அது ஒரு தொழில். வளைகுடா விசாவுக்காகப் பல இலட்சம் கொடுத்துக் காத்திருக்கும் இளைஞர்கள் இதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். இடம் காலியாகப் போனாலும் குத்தகைப் பணம் கட்டியாக வேண்டும்.

கணினி படித்த இளைஞர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. யூலிப் தகவல்களை ஒப்பந்தம் செய்துகொண்டு தனியார் நிறுவனங்களும் பயன்படுத்தலாம். நம் பஜார் வணிகருக்குத் தமிழில், இரண்டு விரல் தட்டலில் விவரம் சொல்லும் செயலியை ஏன் நாம் செய்யக் கூடாது? பெங்களூரில் யாரோ ஒருவர் செய்து நமக்கு விற்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஏற்றுமதி இறக்குமதி செய்யும் வணிகர்களே! துறைமுகம் வழியாக வரும் கண்டெய்னரின் எண்ணைக் கொண்டு அது எங்கே இருக்கிறது என்று பார்க்க ‘லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க்’ என்ற வசதி இருக்கிறது. 2016-இல் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கி நாட்டின் பிற துறைமுகங்களுக்கும் விரிந்துள்ளது. பெட்டி எங்கே என்று ஏஜெண்டிடம் பத்து முறை தொலைபேசியில் கெஞ்ச வேண்டியதில்லை.

ரயிலில் சரக்கு அனுப்புவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும. சரக்கு காணாமற்போனாலோ சேதமானாலோ, 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி ஆறு மாதத்துக்குள் எழுத்து வடிவில் இழப்பீடு கோர வேண்டும். காலம் கடந்தால் உரிமை போய்விடும். சரக்கின் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், எடைக் கணக்கில் ஒரு சிறு தொகைக்கு மேல் கிடைக்காது. விலை உயர்ந்த சரக்கை வெறும் எடை போட்டு அனுப்பிவிட்டுப் பிறகு புலம்புவதில் பயனில்லை.

என்ன கேட்க வேண்டும்?

தனி மரம் தோப்பாகாது. 5 டன் வைத்திருக்கும் ஒரு வணிகனின் குரல் ரயில்வேயின் காதில் விழாது. ஒரு பஜாரே சேர்ந்து, “வாரத்துக்கு இவ்வளவு டன், இன்ன ஊருக்கு, எங்களிடம் இருக்கிறது” என்று கணக்கோடு சொன்னால் விழும். எனவே முதல் வேலையாக, ஒவ்வொரு வணிகர் சங்கமும் தம் உறுப்பினர்களின் வெளியூர்ச் சரக்கை ஒரு மாதம் எழுதி வைக்கட்டும். எந்த ஊருக்கு, எந்த நாளில், எத்தனை டன், என்ன வாடகை. இந்தக் கணக்கு எந்த அமைச்சகத்திடமும் இருக்காது. அது நம்மிடம்தான் இருக்க முடியும்.

அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு சென்னை, சேலம், திருச்சி, மதுரை, பாலக்காடு, திருவனந்தபுரம் என ஆறு கோட்டங்களிலும் உள்ள வணிக வளர்ச்சிப் பிரிவுகளைச் சந்திக்க வேண்டும். ரயில் பயனாளர் ஆலோசனைக் குழுக்களில் வணிகர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. அங்கே போனால் வண்டி நிறுத்தம் கேட்பதோடு நின்றுவிடாமல் சரக்கைப் பற்றியும் பேச வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் புதிய பயணிகள் ரயிலுக்குக் கொடி அசைக்க ஓடோடி வருகிறார்கள். சரக்குக் கூடத்துக்குக் கூரை கேட்டு அவையில் எத்தனை பேர் எழுந்தார்கள் என்று கேளுங்கள்.

நம் கோரிக்கைகள் இவை:

1. முக்கிய வணிக நகரங்களிலிருந்து அட்டவணைப்படி, நாள் தவறாமல் புறப்படும் சரக்கு வண்டிகள் வேண்டும். அவற்றில் ஒரு டன் முதல் இடம் விற்கப்பட வேண்டும்.

2. கடை வாசலிலிருந்து கடை வாசல் வரை ஒரே பில், ஒரே பொறுப்பாளர் வேண்டும்.

3. சரக்கு இருக்குமிடம், சேரும் நாள் ஆகியவற்றைச் சிறு வணிகனும் தமிழிலேயே அறிந்துகொள்ள வழி வேண்டும்.

4. சொன்ன நாளில் சேராவிட்டால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் உறுதி வேண்டும். இழப்பீட்டு மனுவையும் அதன் நிலையையும் செல்பேசியிலேயே பார்க்க முடிய வேண்டும்.

5. கூட்ஸ் ஷெட்களில் கூரை, விளக்கு, சாலை ஆகிய மூன்றையும் முடித்துவிட்டு மற்ற அலங்காரங்களுக்குச் செலவிட வேண்டும்.

இவற்றில் எதுவும் நடவாத காரியமல்ல. பயணிக்கு இடம் விற்ற கணினி சரக்குக்கும் இடம் விற்கட்டும் என்றுதான் கேட்கிறோம். சரக்கு ரயிலின் கதவு 2,500 டன்காரனுக்கு மட்டும் திறக்கும்வரை, 45 விழுக்காடு என்ற இலக்கு காகிதத்தில்தான் இருக்கும். அந்தக் கதவு 2 டன்காரனுக்கும் திறக்கும் நாளில், ரயிலுக்கும் வாழ்வு, வணிகனுக்கும் இலாபம், இளைஞனுக்கும் தொழில்!

கணக்கெடுக்கும் வேலையை உங்கள் பஜாரில் யார் தொடங்கப் போகிறீர்கள்?